பாட்டு எப்ப ஆரம்பிக்கும்? – இசை கேள்வி பதில்

கேள்வி: போன இதழ்ல நீங்க ஆம்பியன்ட் இசை பத்தி எழுதியிருந்ததைப் படிச்சிட்டு ஒரு ஆல்பம் போட்டேன். பத்து நிமிஷம் ஆச்சு, பாட்டு ஆரம்பிக்கவே இல்ல. நான் கேக்கற முறையில ஏதாவது தப்பா?

தப்பு இல்லைங்க, ஆனா ஆரம்பிக்கும்னு காத்துக்கிட்டே இருந்தீங்க பாருங்க, அங்கதான் சிக்கல். நம்ம காது பல்லவி சரணத்துலயே வளர்ந்த காது, முன்னிசை முடிஞ்சா குரல் வரணும், குரல் வந்தா தாளம் ஏறணும், அது வரலைன்னா ஏதோ பாக்கி இருக்குன்னு தோணும். இந்த இசையில பாக்கின்னு எதுவும் இல்ல. முதல் நொடியில என்ன கேட்டுச்சோ அதுக்குள்ளயேதான் எல்லாம் இருக்கு.

இதுக்கு ஆம்பியன்ட்னு பேர் வெச்சது பிரிட்டன் இசைக் கலைஞர் பிரையன் ஈனோ. 1975ல ஒரு விபத்துல அடிபட்டு அவர் படுத்த படுக்கையா இருந்தப்ப பார்க்க வந்த தோழி 18ஆம் நூற்றாண்டு ஹார்ப் (யாழ் மாதிரி ஒரு தந்தி வாத்தியம்) இசை இருந்த தட்டு ஒண்ணு குடுத்துட்டுப் போறாங்க, அவங்க போன பிறகு கஷ்டப்பட்டு தட்டைப் போட்டுட்டு வந்து படுத்தா சத்தம் ரொம்பக் கம்மியா வெச்சிருக்கார், அதுல ஸ்டீரியோல ஒரு பக்கம் வேலையே செய்யல, மறுபடி எழுந்து போய் சரி பண்ணத் தெம்பில்ல. அப்படியே கிடந்து கேக்கறார். அறையில இருக்கிற மத்த சத்தத்தோட சத்தமா, வெளிச்சம் மாதிரி, இசையும் ஒரு ஓரமா இருக்கு. இப்படியும் இசை இருக்கலாமேன்னு அப்பதான் அவருக்குத் தோணுது. அந்த வருஷமே டிஸ்க்ரீட் மியூசிக் வந்துச்சு, 1978ல ஆம்பியன்ட் 1: மியூசிக் ஃபார் ஏர்போர்ட்ஸ். கவனிக்காம விட்டாலும் உறுத்தக் கூடாது, கவனிச்சுக் கேட்டாலும் அதுக்கு ஈடு குடுக்கணும், ரெண்டும் ஒரே இசையில இருக்கணும்ங்கறதுதான் அவர் அந்த ஆல்பத்தோட உறையில எழுதின கொள்கை.

அந்த ஆல்பத்துல ஒரு ட்ராக் வெறும் மனுஷக் குரல் மட்டும்தான். ஒவ்வொரு குரலும் ஒரே ஒரு சுரத்தை இழுத்துப் பாடறது டேப்ல பதிவாகி, அந்த டேப்பை வளையமா ஒட்டி, ஸ்டூடியோ நாற்காலிக் கால்களைச் சுத்தி ஓட விட்டிருக்காங்க. ஒரு வளையம் 23½ நொடிக்கு ஒரு தடவை திரும்பி வருது, இன்னொண்ணு 25⅞ நொடி, இன்னொண்ணு 29 15/16 நொடின்னு ஈனோவே பின்னாடி ஒரு பேச்சுல தோராயமா சொன்னார். நான் அந்த மூணு எண்ணை அப்படியே எடுத்து கணக்குப் போட்டுப் பார்த்தேன், மூணும் ஆரம்பிச்ச மாதிரியே திரும்ப ஒண்ணா வந்து நிக்க கிட்டத்தட்ட 27 நாள் ஆகும்! அதுவரைக்கும் ஒவ்வொரு சந்திப்பும் புதுசு. அடுத்த தடவை பாட்டு எப்ப வரும்னு பார்க்காதீங்க, இந்த சுரம் அந்த சுரத்துக்கு இப்ப எவ்வளவு பக்கத்துல வருதுன்னு மட்டும் கேட்டுக்கிட்டு இருங்க.

கேள்வி: அப்போ இது தம்புராவை மட்டும் தனியா கேக்கற மாதிரிதானே? அதுல என்ன பெரிய கலை?

தம்புராவைத் தனியா கேட்டிருக்கீங்களா? நிஜமா, பாட்டு இல்லாம, கால் மணி நேரம்? கேட்டா இந்தக் கேள்வி வராதுங்க. அதுல நாலு தந்திதான், ஆனா ஜீவா (தந்திக்கு அடியில வைக்கிற நூல்) சரியா பிடிச்சிருந்தா மேல ஒரு கூட்டமே கிளம்பி வரும், யாரும் மீட்டாத சுரமெல்லாம் காதுல விழும்.

அதே ரகத்துல இப்ப காலி மலோன்ங்கற இசைக் கலைஞர் பண்றாங்க, தேவாலயத்துல இருக்கிற பைப் ஆர்கனை வெச்சு. 2019ல தி சேக்ரிஃபிஷியல் கோட், 2024ல ஆல் லைஃப் லாங். ரெண்டு சுரம் கிட்டத்தட்ட ஒண்ணா இருந்து துளி விலகினா, உதாரணத்துக்கு ஒண்ணு நொடிக்கு 220 அதிர்வு, இன்னொண்ணு 221ன்னு வெச்சுக்கோங்க, நொடிக்கு ஒரு தடவை சத்தம் தானா ஏறி இறங்கும். யாரும் தாளம் போடல, ஆனா தாளம் இருக்கு. இந்த மாதிரி இசையில நிறைய அசைவு இப்படித்தான் வருது. ஸ்பீக்கர்ல கேக்கும்போது தலையைக் கொஞ்சம் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பிப் பாருங்க, சுரம் மாறாம சத்தம் மட்டும் மாறும்.

கேள்வி: ஆந்த்ரே 3000 ராப்ல அவ்வளவு பெரிய ஆள், அவர் போய் ஏன் புல்லாங்குழல் ஆல்பம் போட்டார்? ரசிகர்களை ஏமாத்தின மாதிரி இல்லையா?

இந்தக் கேள்விக்கு கொஞ்சம் நீளமாவே பதில் சொல்றேன், ஏன்னா இந்த சில வருஷத்துல வந்த நல்ல ஆல்பங்களை வரிசையா கேட்டுட்டு எனக்குத் தோணினது இதுதான், இதுல பாதிக்கு மேல யாரோ தனக்கு நல்லா கைவந்ததைக் கீழ வெச்சதால வந்தது.

ஆந்த்ரே இருந்தது அவுட்காஸ்ட்னு ரெண்டு பேர் ராப் குழுவுல, அவங்க 2003 ஆல்பம் கிராமியில ஆண்டின் சிறந்த ஆல்பம் வாங்குச்சு. கடைசி ஆல்பம் 2006ல. அதுக்கப்புறம் 17 வருஷம் எல்லாரும் ஆந்த்ரேவோட சொந்த ராப் ஆல்பத்துக்குக் காத்திருக்காங்க. 2023 நவம்பர்ல நியூ ப்ளூ சன் வருது, 87 நிமிஷம், ஒரு வரி ராப் இல்ல, பாட்டுக் குரலே இல்ல. முதல் ட்ராக்கோட தலைப்பே நான் சத்தியமா ராப் ஆல்பம்தான் பண்ண நினைச்சேன், இந்த தடவை காத்து என்னை இந்தப் பக்கம்தான் அடிச்சுட்டு வந்துச்சுங்கற அர்த்தத்துல இருக்கும். ஒளிச்சு மறைச்சு எதுவும் பண்ணல, வாசல்லயே சொல்லிட்டுத்தான் உள்ள கூப்பிடறார், இதுல ஏமாத்து எங்க இருக்கு? அந்த ட்ராக் 12 நிமிஷம் 20 நொடி, அமெரிக்காவோட பில்போர்டு ஹாட் 100 பாட்டு வரிசைப் பட்டியல்ல 90ஆவது இடத்துல நுழைஞ்சு, அந்தப் பட்டியல்ல இடம் பிடிச்சதுலயே நீளமான பாட்டுன்னு சாதனை ஆச்சு.

அவர் பெரிய வித்வானா வாசிக்கறாரான்னு கேட்டா இல்லைங்க. சுருதி சில இடத்துல தடுமாறும், ஒரு யோசனையைப் பிடிச்சு விட்டு மறுபடி பிடிப்பார். கூட இருக்கிற கார்லோஸ் நீன்யோவும் மத்தவங்களும் மணி, சலங்கைச் சத்தம், கீபோர்டு, கிடார்னு அவரைச் சுத்தி ஒரு இடம் உண்டாக்கிக் குடுக்கறாங்க, அதுக்குள்ள அவர் நடந்து பார்க்கறார். வார்த்தையில அவ்வளவு வேகமா ஓடின ஒருத்தர் எல்லார் முன்னாடியும் தத்தித் தத்தி நடக்கறதுக்கு நிறைய துணிச்சல் வேணும். 87 நிமிஷத்தையும் ஒரே மூச்சுல கேக்கச் சொல்ல மாட்டேன், நடுவுல கொஞ்சம் தொய்வு இருக்கு, முதல் ட்ராக்கும் கடைசி ட்ராக்கும் கேளுங்க போதும், பிடிச்சா மத்தது தானா வரும்.

இதே கதைதான் ஷபாகாவுக்கும், ஆனா அவர் நேர் எதிர் திசையில இருந்து வர்றார். லண்டன் ஜாஸ்ல சாக்ஸபோன்னா அவர்தான்னு இருந்த ஆள். மேடையில அவர் சாக்ஸ் ஊதினா கூட்டம் குதிக்கும். 2023 முடிவோட சாக்ஸை ஓரமா வெச்சிட்டு ஜப்பானிய மூங்கில் குழல் ஷாகுஹாச்சியும் மத்த குழல்களும் கையில எடுத்தார். 2024 ஏப்ரல்ல பர்சீவ் இட்ஸ் பியூட்டி, அக்னாலட்ஜ் இட்ஸ் கிரேஸ் வந்துச்சு. நியூ ஜெர்சியில இருக்கிற வான் கெல்டர் ஸ்டூடியோவுல பதிவு பண்ணினது, சாக்ஸபோன் மேதை ஜான் கோல்ட்ரேன் 1964ல எ லவ் சுப்ரீம் பதிவு பண்ணின அதே ஸ்டூடியோ. சாக்ஸபோனோட கோயில் மாதிரி இருக்கிற இடத்துக்கு குழலோட போயிருக்கார் பாருங்க. ஷாகுஹாச்சியில காத்து பாதி சுரமாவும் பாதி வெறும் மூச்சாவும் வரும், ஆல்பம் முழுக்க அந்த மூச்சு கேக்கும். ஆந்த்ரே 3000 இதுலயும் ஒரு இடத்துல வந்து குழல் வாசிக்கறார்.

ரெண்டுல எது உசத்தின்னு கேட்டீங்கன்னா எனக்கு ஷபாகாதான், ரெண்டு தடவை யோசிக்க மாட்டேன். தெரிஞ்ச கலையோட எலும்பு அப்படியே இருக்கு, வாத்தியம் மட்டும் புதுசு, அதனால ஒவ்வொரு சுரத்துக்கும் காரணம் இருக்கு.

கேள்வி: ப்ராமிசஸ் ஆல்பத்தை ஒரு ஆப்ல ஜாஸ்னு போட்டிருக்கு, இன்னொண்ணுல எலெக்ட்ரானிக்னு இருக்கு, ஆர்கெஸ்ட்ராவும் வாசிக்குது. உண்மையில இது என்ன ஜானர்?

இதைப் பண்ணின மூணு பேருக்கும் பொதுவா ஒரு ஜானர் பேர் கிடையாதுங்க, அதுதான் அழகு. ஃப்ளோட்டிங் பாயின்ட்ஸ்ங்கற சாம் ஷெப்பர்ட், நரம்பியல்ல டாக்டர் பட்டம் வாங்கினவர், கிளப்ல ஆட வைக்கிற எலெக்ட்ரானிக் இசை பண்றவர். ஃபரோ சாண்டர்ஸ், கோல்ட்ரேனோட வாசிச்சவர், 60கள்ல அவர் சாக்ஸ் அலறும், கிழியும், அப்படி ஒரு நெருப்பு. மூணாவது லண்டன் சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா. 2021 மார்ச்ல ஆல்பம் வந்தப்ப சாண்டர்ஸுக்கு 80 வயசு.

46 நிமிஷம், 9 பகுதி, ஆனா ஒரே துண்டு. ஒரு சின்ன சுரக்கோவை, மேல ஏறி அப்படியே நிக்கும், கொஞ்சம் அமைதி, மறுபடி அதே. ஆரம்பத்துல இருந்து கடைசிக்குப் பக்கம் வரைக்கும் இது திரும்பத் திரும்ப வந்துக்கிட்டே இருக்கும், அலை வந்து வந்து போற மாதிரி. அதுக்கு மேல சாண்டர்ஸ் வாசிக்கறார், எவ்வளவு கம்மியா வாசிக்கறார்னு கவனிங்க, எல்லா சத்தமும் தெரிஞ்ச ஒருத்தர் இதுல எது மட்டும் வேணும்னு ஒவ்வொண்ணா எடுத்து வைக்கிற மாதிரி. நாலாவது பகுதியில சாக்ஸை இறக்கிட்டு வாயாலயே ஏதோ முணுமுணுக்கறார், வார்த்தை இல்ல, ஒரு தாத்தா தனக்குத் தானே பேசிக்கிற மாதிரி இருக்கும். எனக்கு ஆல்பத்துலயே பிடிச்ச இடம் அதுதான். ஆறாவது பகுதியில வயலின்கள் எழும்பி வர்றப்ப ஹெட்போன்ல சத்தம் கூட வெச்சிருந்தீங்கன்னா கொஞ்சம் குறைச்சுக்கோங்க, அதுவரைக்கும் இருந்த அமைதிக்கு பழகின காது திடுக்குன்னு ஆயிடும்.

சாண்டர்ஸ் 2022 செப்டம்பர்ல போயிட்டார். அடுத்த வருஷம் லாஸ் ஏஞ்சலஸ்ல ஹாலிவுட் போல் அரங்கத்துல இதை மேடையில வாசிச்சப்ப அவர் இடத்துல நின்னு சாக்ஸ் வாசிச்சது ஷபாகா. சாக்ஸை கீழ வைக்க இன்னும் சில மாசமே இருந்த நேரம் அது.

ஜானர் பேர் எதுவானா என்ன, இந்த வழியில அடுத்து நீங்க கேக்க வேண்டியது நாலா சினெஃப்ரோ. லண்டன்ல இருக்காங்க, ஹார்ப்பும் மாடுலர் சின்தும் (வயர்களை மாத்தி மாத்தி இணைச்சு சத்தம் உண்டாக்கற மின்னணு வாத்தியம்) ரெண்டும் அவங்களே. 2021ல ஸ்பேஸ் 1.8, 2024ல என்ட்லெஸ்னஸ். ரெண்டாவதுல பத்து ட்ராக், கன்டின்யூயம் 1ல இருந்து 10 வரைக்கும் வெறும் எண்தான் பேர். சின்த்ல ஓடற ஒரு சுர ஓட்டம் ஒரு ட்ராக்ல இருந்து அடுத்ததுக்குப் போகும், அதுக்கு மேல சாக்ஸ், டிரம்ஸ், வயலின் கூட்டம்னு வந்து வந்து சேரும். ஷஃபிள்ல மட்டும் போடாதீங்க, தயவுசெஞ்சு.

கேள்வி: தூங்கறதுக்கு ஒரு நல்ல ஆல்பம் சொல்லுங்க.

மாக்ஸ் ரிக்டரோட ஸ்லீப், 2015. எட்டரை மணி நேரம், தூங்கறதுக்குன்னே எழுதினது. மத்த ஆல்பங்களைத் தூக்க மாத்திரையா மட்டும் வெச்சுக்காம ஒரு தடவையாவது முழிச்சிருந்து கேளுங்க.

கேள்வி: இந்த உலகத்துல நம்ம மொழி கேக்குமா? தமிழ்ல யாராவது இருக்காங்களா?

இருக்காங்க! இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன். கானவ்யா. நியூயார்க்ல பிறந்து தமிழ்நாட்டுல வளர்ந்தவங்க. 2024ல டாட்டர் ஆஃப் எ டெம்பிள், 2025ல நிலம், பேரே தமிழ்ல. ரெண்டையும் வெளியிட்டது லைட்டர்ங்கற லேபிள், ஜெர்மனி பியானோக் கலைஞர் நில்ஸ் ஃப்ராம் சேர்ந்து நடத்தறது. அவங்க குரல்ல கமகம் இருக்கு, ஆனா கச்சேரி வேகம் கிடையாது, ஒரு வரியைப் பாடிட்டு அது அறையில அடங்கற வரைக்கும் விட்டுடறாங்க. சுத்தியும் வாத்தியம் ரொம்பக் கம்மி. பாஷை புரிஞ்சு இந்த மாதிரி இசை கேக்கறது தனி அனுபவம்ங்க, மத்த ஆல்பத்துல எல்லாம் குரலும் எனக்கு ஒரு வாத்தியம்தான், இங்க திடீர்னு ஒரு சொல் வந்து நேரா நெஞ்சுல உக்காருது.

அப்புறம் விஜய் ஐயர், அமெரிக்காவுல பிறந்த தமிழ்க் குடும்பத்துப் பியானோக் கலைஞர், 2023ல அரூஜ் அஃப்தாப், ஷாஸாத் இஸ்மாயிலியோட சேர்ந்து லவ் இன் எக்ஸைல் பண்ணினார். அரூஜ் பாகிஸ்தானி, உருதுல பாடறவங்க, 2022ல கிராமி வாங்கினாங்க, பாகிஸ்தான் பாடகருக்குக் கிடைச்ச முதல் கிராமி அது. இந்த ஆல்பத்துல டிரம்ஸே இல்ல, பியானோ, எலெக்ட்ரானிக் சத்தம், பாஸ், சின்த், குரல், மூணு பேரும் ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்கிட்டே வாசிக்கறாங்க, யார் முன்னாடி போறாங்கன்னு கண்டுபிடிக்கவே முடியாது. அரூஜோட 2024 ஆல்பம் நைட் ரெயின் கொஞ்சம் பாட்டு வடிவத்துக்குப் பக்கத்துல இருக்கும், புதுசா வர்றவங்க அதுல இருந்து ஆரம்பிக்கலாம். முன்னாடி சொன்ன ஷபாகா ஆல்பத்துலயும் ப்ரீதிங்ங்கற ட்ராக்ல மிருதங்கம் கேக்கும், வாசிக்கறது ராஜ்னா சுவாமிநாதன். அந்தக் குழலுக்குப் பக்கத்துல மிருதங்கம் எவ்வளவு இயல்பா உக்காருதுன்னு கேளுங்க.

கேள்வி: ப்ளேலிஸ்ட்ல மணிக்கணக்கா பேர் தெரியாத ஆம்பியன்ட் ஓடுது, இப்ப ஏஐயும் பண்ணுது. எல்லாம் ஒரே மாதிரிதான் கேக்குது. ஆளைத் தேடிப் போய் கேக்கணுமா என்ன?

கேக்கணும். ஏன்னு நாலு ஆல்பத்தை வெச்சே சொல்றேன்.

குரூப்பர்ங்கற பேர்ல பண்ற லிஸ் ஹாரிஸோட ரூயின்ஸ், 2014ல வந்தது. போர்ச்சுகல்ல ஒரு வீட்டுல தனியா இருந்து பியானோவும் குரலுமா பெரும்பாலும் 2011ல பதிவு பண்ணினது. ஒரு பாட்டுல டக்குன்னு ஒரு பீப் சத்தம் வரும், கரன்ட் போய் வந்ததுல மைக்ரோவேவ் போட்ட சத்தம். அதை வெட்டாம விட்டிருக்காங்க. அந்த பீப் வந்த உடனே அந்த வீடு, அந்த நேரம், அந்தத் தனிமை எல்லாம் கண்ணு முன்னாடி வந்துடும். இல்லாட்டி அது ஒரு நல்ல பியானோ பாட்டு, அவ்வளவுதான்.

நில்ஸ் ஃப்ராம் 2011ல போட்ட ஃபெல்ட். பக்கத்து வீட்டுக்காரங்களுக்குத் தொந்தரவு வேணாம்னு பியானோ கம்பிகளுக்கு மேல கம்பளித் துணி போட்டு மெதுவா வாசிச்சதுல, மைக்கை ரொம்பப் பக்கத்துல வைக்க வேண்டியதாகி, கட்டை அசையற சத்தம், அவர் மூச்சு எல்லாம் பதிவாச்சு, இன்னைக்கு எத்தனையோ பேர் பியானோவை இப்படித்தான் பதிவு பண்றாங்க. அதே மனுஷன் 2022ல மியூசிக் ஃபார் அனிமல்ஸ்னு மூணு மணி நேரத்துக்கு மேல ஓடற ஆல்பம் போட்டார், அதுல பியானோவே கிடையாது. அவரும் கீழ வெச்சவர்தான்.

வில்லியம் பசின்ஸ்கி 2001ல தன்னோட பழைய டேப் லூப்களை (வளையமா ஒட்டின டேப்) டிஜிட்டலுக்கு மாத்தறப்ப, ஓட ஓட டேப்ல இருந்து காந்தப் பூச்சு உதிர ஆரம்பிச்சுது. நிறுத்தாம விட்டார். ஒரே சின்ன மெட்டு, ஒவ்வொரு சுத்துலயும் துளித் துளியா அழிஞ்சுக்கிட்டே வருது, ஒரு மணி நேரம். தி டிஸின்டக்ரேஷன் லூப்ஸ். அந்த செப்டம்பர்ல இரட்டைக் கோபுரம் விழுந்து புகை எழும்பினதை ப்ரூக்ளின் மொட்டை மாடியில இருந்து பார்த்தார், இந்த இசை அந்த நாளோடயே ஒட்டிக்கிச்சு.

நாலாவது, கேஎம்ஆர்யூ, நைரோபில இருந்து பெர்லின் போனவர். அவர் தாத்தா ஜோசப் கமாரு கென்யாவுல பெரிய பாடகர். பேரன் பாடறதில்ல, தெருவையும் மின்சாரத்தையும் பதிவு பண்றார். 2024ல வந்த நாடூர் ஒரே நீளமான ட்ராக், காதுக்கு எட்டாத மின்காந்த இரைச்சலை சத்தமா மாத்தி வெச்சுக் கட்டினது. சுகமா இருக்காது, முன்னாடியே சொல்லிடறேன். ஆனா கேட்டு முடிச்சிட்டு ஹெட்போனைக் கழட்டினா, நீங்க உக்காந்திருக்கிற அறை ஒரு சுரத்துல ரீங்காரம் போட்டுக்கிட்டு இருக்கிறது முதல் தடவையா கேக்கும்.

பேர் தெரியாத ப்ளேலிஸ்ட்ல மைக்ரோவேவ் பீப் அடிக்காது, டேப் உதிராது. உறுத்தக் கூடாதுன்னு இருக்கிற எல்லாத்தையும் எடுத்துட்டா ஈனோ எழுதின கொள்கையில பாதிதான் நிக்கும், கவனிச்சா ஈடு குடுக்கணும்ங்கற மீதிப் பாதி போயிடும்.

கேள்வி: அப்பா போய் ஆறு மாசம் ஆச்சு. பாட்டு எதுவும் கேக்க முடியல, வார்த்தை இருந்தாலே அழுகை வருது. ஏதாவது கேக்கலாமா?

உங்களுக்கு ஒண்ணே ஒண்ணு சொல்றேன். ஜப்பானிய இசையமைப்பாளர் ரியூச்சி சகமோட்டோவோட 12ங்கற ஆல்பம். 2023 ஜனவரியில வந்துச்சு, மார்ச்ல அவர் இறந்தார். புற்றுநோய் ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்கு வந்தப்ப, எதையும் எழுதணும்னு இல்லாம சும்மா சத்தத்துல நனையணும் போல இருந்துச்சுன்னு சின்த்தையும் பியானோவையும் தொட்டு, நாட்குறிப்பு மாதிரி பதிவு பண்ணி வெச்சது. பன்னிரண்டு ட்ராக், தலைப்பா இருக்கிறது பதிவு பண்ணின தேதிதான். சில ட்ராக்ல பியானோவை விட அவர் மூச்சு விடற சத்தம் பக்கத்துல கேக்கும், முதல்ல அது கஷ்டமா இருக்கலாம், நிறுத்திட்டு இன்னொரு நாள் கேளுங்க, அவசரமே இல்ல. சோகத்தைக் கிளறி விடற இசை இல்ல இது, அவர் உங்களை எதுவும் கேக்க மாட்டார், பக்கத்துல உக்காந்திருப்பார். கடைசி ட்ராக்ல பியானோ இல்ல. மணிச் சத்தம் மட்டும், கொஞ்ச நேரம்.